தேடலில் தொலைந்த தோசைக்கல்

ஆன்லைனில் விற்பனைக்குப் போட்ட என் வார்ப்பிரும்பு தோசைக்கல்லை மூன்று மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விலையைக் குறைத்தேன், விளம்பரத்துக்கும் காசு கட்டினேன். தண்டம்.

அப்புறம் ஒருநாள், வாங்குகிறவர் மாதிரி நானே தேடினேன். ஐந்தாம் பக்கத்தில் கிடந்தது. ஃபில்டரில் ‘12 இன்ச்’ என்று டிக் செய்ததும் அங்கேயும் காணோம்! விளக்கத்தில் அளவை எழுதியிருந்தேனே தவிர, அதற்கென்று இருந்த தனிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஃபில்டர் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தது, என் வர்ணனையை அல்ல.

விட்டம், எடை, இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகுமா, எல்லாம் நிரப்பினேன். தலைப்பில் இருந்த ‘பாரம்பரியப் பொக்கிஷம்’ (யார் அப்படித் தேடுவார்கள்?) ‘பழக்கிய வார்ப்பிரும்பு தோசைக்கல், 12 இன்ச்’ ஆனது. பத்தாம் நாள் திருப்பூரிலிருந்து முதல் ஆர்டர்.