கன்ட்ரோல் சார்ட்டில் டிராயிங் கோட்டைப் போடாதீர்கள்

1924 மே மாதம், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் தன் மேலாளருக்கு எழுதிய சிறு குறிப்பில் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து காட்டினார். அவ்வப்போது எடுத்த அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட வரைபடம் அது. மெஷினின் வழக்கமான ஏற்ற இறக்கம் எது, புதிதாக நுழைந்த கோளாறு எது என்று பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்க நம்மிடம் பல வழிகள் இருக்கின்றன.

முதலாவது, டிராயிங்கில் உள்ள டாலரன்ஸையே, அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அனுமதியையே, கட்டுப்பாட்டு எல்லையாகப் போடுவது. கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத்தில் (கடைசல் மெஷினில்) 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் (தண்டு) ஓடுகிறது, டாலரன்ஸ் ±0.05 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஐந்து ஷாஃப்ட் அளக்கிறோம். அந்த ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், அதாவது ரேஞ்ச், சராசரியாக 0.020. இதை, ஐந்து ஐந்தாக அளப்பதற்கான அட்டவணை எண்ணான 0.577 ஆல் பெருக்கினால் 0.0115; நடு அளவான 25-இலிருந்து இருபக்கமும் எல்லை அவ்வளவு தூரம். ஆக, ஐந்தின் சராசரி 24.988-க்கும் 25.012-க்கும் நடுவில்தான் ஆட வேண்டும். 25.05-இல் கோடு போட்டிருந்தால், சராசரி 25.03-க்கு நகர்ந்த பிறகும் சார்ட் அமைதியாகவே இருக்கும். அதற்குள் நூற்றுக்கு ஒரு ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகத் தொடங்கியிருக்கும். டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லை மெஷின் சொல்வது.

அடுத்தது, ஆபரேட்டரின் அதீத அக்கறை. ஒரு ஷாஃப்ட் 0.01 கூடிவிட்டது என்று உடனே ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலைத் திருத்தத்தை) 0.01 குறைப்பார். அடுத்தது குறைந்தால் திரும்ப ஏற்றுவார். சீராக ஓடும் மெஷினை இப்படி ஒவ்வொரு தடவையும் திருத்தினால் சிதறல் சுமார் 40 சதவீதம் கூடும். தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தன் வகுப்புகளில் புனலில் கோலியைப் போட்டு, அது விழுந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புனலை நகர்த்தி இதைத்தான் காட்டினார். இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்து அளவு ஒரே பக்கமாக ஏறினால் அது வேறு கதை. அங்கே ஆஃப்செட் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு லேத்தின் ஷாஃப்ட்டுகளை ஒரே ஐந்தில் கலப்பது இன்னொரு தவறு. இரண்டு மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் ரேஞ்சுக்குள் புகுந்து எல்லைகள் அகன்றுவிடும். புள்ளிகளெல்லாம் நடுக்கோட்டையே ஒட்டிக்கொண்டு அழகாகத் தெரியும். ஆடிட்டர் பாராட்டுவார். எனக்கோ அப்படிப்பட்ட சார்ட்டைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். ஒன்று, இப்படிக் கலந்திருக்க வேண்டும்; அல்லது, மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து நிரப்பியிருக்க வேண்டும்.

அளக்கும் கருவியும் காலை வாரும். மேலே சொன்ன ஷாஃப்ட்டை 0.02 மி.மீ. மட்டுமே காட்டும் வெர்னியரில் அளந்தால், ரேஞ்ச் 0, 0.02, 0.04 என்று படிக்கட்டு மாதிரிதான் வரும். இதற்கு 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும்.

கடைசியாக, வழக்கமான 3 சிக்மா எல்லையை 2 சிக்மாவுக்குச் சுருக்கும் ஆசை. சிக்மா என்பது சிதறலை அளக்கும் அலகு. 3 சிக்மாவில், எந்தக் கோளாறும் இல்லாதபோது சுமார் 370 புள்ளிக்கு ஒன்றுதான் வெளியே விழும். 2 சிக்மாவில் 22-க்கு ஒன்று. அடிக்கடி வீணாக மெஷினை நிறுத்த வேண்டிவரும். அப்புறம் நிஜமாகவே ஒரு புள்ளி வெளியே போகும்போது, "இது எப்பவும் இப்படித்தான் சார்" என்று ஆபரேட்டர் அடுத்த ஷாஃப்ட்டை மாட்டிவிடுவார்.