வேகப்பந்து வீச்சாளர்கள் நல்ல நாட்களில் செய்யும் தவறுகள்

2011 நவம்பர், ஜோஹன்னஸ்பர்க். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸுக்கு அப்போது வயது 18, ஆடியது முதல் டெஸ்ட். தென்னாப்பிரிக்காவின் இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். கடைசி நாளில் மட்டையோடு இறங்கி வெற்றி ரன்னையும் அவரே அடித்தார். ஆட்ட நாயகனும் அவர்தான். அவருடைய அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. முதுகெலும்பு விரிசல் திரும்பத் திரும்ப வந்தது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வேகப்பந்து வீச்சாளரின் ஆட்டக்காலத்தைச் சுருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் நடக்கின்றன. பந்து எகிறுகிறது, விக்கெட் விழுகிறது, கேப்டன் இன்னும் ஒரு ஓவர் கேட்கிறார். அந்த நேரத்தில் "போதும்" என்று சொல்ல வீசுபவருக்கும் மனம் வராது, வீசச் சொல்பவருக்கும் வராது.

முதலில் எலும்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே கணத்தில் மேல் உடம்பு பின்னால் வளைந்து, ஒருபக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு முன்னால் மடங்குகிறது. இவ்வளவு பாரமும் போய்ச் சேருவது கீழ்முதுகின் கடைசிச் சில முள்ளெலும்புகளில். வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் விரிசல் விடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் தோளையும் தொடையையும் பார்த்தால் முழு ஆளாகத் தெரியும். கீழ்முதுகு எலும்பு முழுவதுமாக இறுகுவதற்கோ இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. தசை தருகிற வேகத்தை எலும்பு தாங்கத் தயாராகாத அந்தச் சில ஆண்டுகள்தான் மிக ஆபத்தானவை. அந்த வயதில்தான் தேர்வாளர்களின் கண்ணும் படுகிறது.

இங்கே வீரர்கள் செய்யும் தவறு, வலியைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துக்கொள்வது. விரிசலின் தொடக்க வலி பெரிய வலியே இல்லை. வீசாத கையின் பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் மந்தமாக வலிக்கும். உடம்பு சூடானதும் மறைந்துவிடும், மறுநாள் காலை திரும்ப வரும். அந்தப் பக்கத்துக் காலில் மட்டும் நின்றுகொண்டு மெல்லப் பின்னால் வளைந்தால் சுருக்கென்று குத்தும். அப்படிக் குத்தினால் அதற்கு மேல் ஒரு பந்துகூட வீசாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வளைந்து பார்த்துக் குத்தவில்லை என்றாலும் நிம்மதியடைய வேண்டாம், வலி நீடித்தால் ஸ்கேன்தான் முடிவு சொல்லும். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த போட்டியில் இறங்குபவர்களுக்குச் சில வார ஓய்வில் ஆற வேண்டியது பல மாதம் இழுக்கும்.

அடுத்தது சுமை. அதிகமாக வீசினால் உடம்பு கெடும், குறைவாக வீசினால் பத்திரம் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது அதுவல்ல. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் வீசிப் பழகிய உடம்பு நிறையவே தாங்கும். திடீர்த் தாவலைத்தான் அது தாங்காது. இரண்டு மாதம் இருபது ஓவர் ஆட்டங்களில் நாளுக்கு 4 ஓவர் வீசியவர், அடுத்த வாரமே டெஸ்ட்டில் ஒரே நாளில் 20 ஓவர் வீசுகிறார். இன்றைய கால அட்டவணையில் இது வழக்கமாகிவிட்டது, பலருடைய முதுகும் முழங்காலும் போவது இங்கேதான். லீக் ஆட்டங்களின்போதே வலைப்பயிற்சியில் ஓவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும். போட்டியில் வீசியதை மட்டும் கணக்கில் வைப்பதும் தவறு. வலையில் வீசிய பந்தும் அதே முதுகிலிருந்துதான் வருகிறது.

ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, ஒரே போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் காயம் கூடுவதைக் கண்டது. பந்து வீசிய அன்றே அல்ல, சில வாரம் தள்ளி. 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில், மெல்போர்னில் இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ரா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 53.2 ஓவர் வீசி 9 விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்ட் முடிந்தது 30-ஆம் தேதி, சிட்னி டெஸ்ட் தொடங்கியது ஜனவரி 3. சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவே மைதானத்தை விட்டு வெளியேறினார், கடைசி இன்னிங்ஸில் வீச வரவே இல்லை. அந்தத் தொடரில் 151.2 ஓவர், 32 விக்கெட். அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியில் அவர் இல்லை. 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். இதை அவர்மேல் பழியாகப் போட எனக்கு மனமில்லை. ஒருவரையே நம்பி ஐந்து டெஸ்ட் ஆடத் திட்டமிட்ட அணியின் தவறு அது. 2025-இல் இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட் மட்டும் அவர் ஆடியபோது திட்டியவர்கள், சிட்னியை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் கதையும் இதே வகைதான். 2019 ஆகஸ்டில் அறிமுகம், மூன்றே மாதத்தில் நியூசிலாந்தின் மவுண்ட் மாங்கனூயில் ஒரே இன்னிங்ஸில் 42 ஓவர். பிறகு முழங்கையில் விரிசல், அறுவை சிகிச்சை, அடுத்து முதுகில் விரிசல். 2021 பிப்ரவரிக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடியது 2025 ஜூலையில்தான்.

திரும்பி வருவதில் நடக்கும் தவறு தனி. வலி போனதும் எலும்பு கூடிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். வலி முன்னதாகவே போய்விடும், எலும்பு தன் வேகத்தில்தான் கூடும். அது கூடிய பிறகும் ஓட்டம், பாதி வேகம், முழு வேகம், ஒரு நாளில் இரண்டு ஸ்பெல் (தொடர்ச்சியாக வீசும் ஓவர்கள்), மறுநாளும் அதே என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கத் தூண்டுவது பெரும்பாலும் வரப்போகிற ஒரு பெரிய தொடர். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பிசியோவிடம் வலியை மறைப்பவர் ஒரு தொடரைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கொடுத்துவிடுகிறார்.

ஆக்‌ஷனை (பந்து வீசும் முறையை) மாற்றுவது பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனின் ஆக்‌ஷன் முதுகைக் கெடுத்துவிடும் என்று பயந்து இளம் வயதிலேயே அதைத் திருத்தினார்கள். வேகம் குறைந்தது, பந்து காற்றில் வளையும் ஸ்விங் போனது, 2006-இல் முதுகில் விரிசலும் வந்தது. பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பியவர், 2024 ஜூலையில் 704 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். எதிர்ப்பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகு உடைந்து, மாவுக்கட்டில் கிடந்து, உடம்பையும் ஆக்‌ஷனையும் பொறுமையாகத் திரும்பக் கட்டியெழுப்பினார். 1974-75 ஆஷஸில் 25 விக்கெட், கடைசியில் மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால், பார்வைக்கு விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆக்‌ஷனில் கை வைக்கக் கூடாது. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் இருந்து, ஊன்றும்போது தோள் பின்னோக்கித் திருகும் கலப்பு ஆக்‌ஷன் என்றால் மாற்றியே ஆக வேண்டும், அது முதுகு விரிசலோடு தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மாற்றமும் ஆட்டம் இல்லாத மாதங்களில், ஒரே பயிற்சியாளரிடம் நடக்க வேண்டும். தொடருக்கு நடுவில் ஆளுக்கொரு யோசனை கேட்டு மாற்றிக்கொள்பவர்கள் பழையதையும் இழக்கிறார்கள்.

வேகக்கருவியின் எண் ஒரு போதை. 2003 உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் மணிக்கு 161.3 கி.மீ. தொட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் ஆடியது 46 டெஸ்ட். எண்ணைத் துரத்துபவர் முதலில் விடுவது பந்து விழ வேண்டிய அளவை. ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ரா அந்த வேகத்தின் பக்கமே போகாமல் 124 டெஸ்ட்டில் 563 விக்கெட் எடுத்தார். இலங்கையின் சமிந்த வாஸ், ஆசிய ஆடுகளங்களில் பெரும்பகுதி வீசியும் 355. வேகம் இருப்பவர் அதை விட வேண்டியதில்லை. அது குறையப்போகும் நாளுக்கு இன்னொரு பந்தை இப்போதே தயார் செய்யாமல் இருப்பதுதான் தவறு. முப்பத்து மூன்று வயதில் உட்கார்ந்து புதிதாக ஸ்லோ பால் கற்க நேரம் கிடைக்காது.

லீக் ஒப்பந்தங்களைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை, இந்தத் தொழில் குறுகியது. ஆனால் ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் பல ஆண்டுகள் ஐபிஎல் பக்கம் போகாமல் இருந்துவிட்டு 2024-இல் திரும்பினார், 24.75 கோடி ரூபாய்க்கு. 2025-இல் நூறாவது டெஸ்ட்டில் 9 ரன்னுக்கு 6 விக்கெட். வேண்டாம் என்று சொல்வது எப்போதும் நஷ்டமில்லை.

கடைசியாக நோ-பால், அதாவது முன்கால் கோட்டைத் தாண்டியதால் செல்லாமல் போகும் பந்து. 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி, ஓவல் மைதானம். பும்ரா வீசிய பந்து பாகிஸ்தானின் ஃபகர் ஸமானின் மட்டையில் உரசி விக்கெட் கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது. ஸமான் அப்போது 3 ரன். அவர் வெளியேறத் தொடங்கியபின் கோட்டைத் தாண்டிய கால் தெரியவந்தது. திரும்ப வந்தவர் 114 அடித்தார், இந்தியா 180 ரன் வித்தியாசத்தில் தோற்றது. வலையில் கோட்டைத் தாண்டி வீசிக்கொண்டே இருந்துவிட்டு, போட்டியில் மட்டும் சரியாக ஊன்றிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. பயிற்சியிலும் நடுவர் இடத்தில் ஒருவரை நிறுத்தி, தாண்டியதை எல்லாம் உரக்கச் சொல்ல வைக்க வேண்டும்.

இன்னொரு நோ-பாலும் உண்டு. 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ். பாகிஸ்தானின் முகமது ஆமிருக்கு வயது 18, ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட். அதே டெஸ்ட்டில் காசுக்காக வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி வீசியது அம்பலமாகி, ஐந்தாண்டுத் தடையும் சிறைத் தண்டனையும் வந்தன. மூத்தவர் சொன்னார், பழகியவர் கேட்டார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. யாராவது இப்படி அணுகினால் அன்றே ஊழல் தடுப்பு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இருப்பதே விதிப்படி குற்றம். 2016 ஜூலையில் அதே லார்ட்ஸில் ஆமிர் மறுபடி டெஸ்ட் ஆடினார். கம்மின்ஸ் முதுகோடு போராடிய அதே வயதுகள், அதே நீளம். கம்மின்ஸ் அந்த ஆண்டுகளில் எலும்பு கூடக் காத்திருந்தார். ஆமிர் தடை முடியக் காத்திருந்தார்.