ரெண்டு போதை கும்பல் சண்டைய வச்சு நாவல் எழுதணுமா? மெக்சிகோவ வச்சு ஒரு வழி சொல்றேன்

மொதல்ல மேப்ப எடுங்க, துப்பாக்கி அப்புறம். கார்டெல் கதை எழுத உக்கார்ற நெறைய பேர் மொத சீன்லயே பத்து பேர சுட்டுத் தள்ளிடறாங்க, ஏன் சுட்டாங்கன்னு கேட்டா "எதிரி கேங்கு"ன்னு சொல்லுவாங்க அவ்ளோதான். எப்படி எதிரி ஆனாங்கங்கறதுதான் நாவலே.

சண்டை ஒரு ரூட்டுக்காக நடக்கும். 80கள்ல ஃப்ளோரிடா பக்கம் கடல் வழியா போன கொலம்பியா கொக்கைன அமெரிக்கா நெருக்க ஆரம்பிச்சதும் சரக்கு மெக்சிகோ வழியா திரும்புச்சு, கூலிக்கு கடத்திக் குடுத்தவங்க போகப் போக காசுக்கு பதிலா சரக்குலயே பங்கு கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. அங்கதான் கூலிக்காரன் முதலாளி ஆனான். 1989ல அப்போதைய பெரிய கடத்தல் தலைவர் ஃபெலிக்ஸ் கயார்தோ கைதானதும் அவரோட குவாதலஹாரா கூட்டம் ஊர் ஊரா பிரிஞ்சுது, பார்டர் ஊரான திஹுவானா ஆரெயானோ ஃபெலிக்ஸ் அண்ணன் தம்பிங்க கைக்கு போச்சு, சினலோவா மாநிலத்து ஆளுங்க தனியா நின்னாங்க, அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் தேடிப்போய் கொன்னாங்க. உங்க நாவலுக்கும் இதேமாதிரி ஒரே ஒரு பார்டர் ஊரு, ஒரு பாலம், அது வழியா போற லாரி, அதுல யாருக்கு எவ்ளோ கமிஷன், இத ஒரு பக்கத்துல எழுதி வச்சுட்டு அப்புறம் சாப்டர் ஒண்ணுக்கு போங்க.

அடுத்து பிளவு. இதுலதான் நேரம் செலவு பண்ணணும். ரெண்டு கும்பலும் ஆரம்பத்துலருந்தே ஜென்ம விரோதின்னு எழுதாதீங்க, நெஜத்துல இவங்க ஒண்ணா வளந்தவங்க, ஒரே மாநிலத்துக்காரங்க, குடும்பத்துக்குள்ள சம்பந்தம் பண்ணவங்க. 2008 ஜனவரில சினலோவா தலைநகரம் குலியாகான்ல, சினலோவா கூட்டத்தோட சேந்து இருந்த அல்ஃப்ரெதோ பெல்ட்ரான் லேவா போலீஸ், ராணுவம் கைல மாட்டுனப்ப, காட்டிக் குடுத்தது அந்தக் கூட்டத்தோட தலைவர் எல் சாப்போதான்னு அல்ஃப்ரெதோவோட சகோதரங்க நம்புனாங்க. மே மாசம் எல் சாப்போ மகன் எட்கர அதே ஊர்ல ஒரு ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்ல சுட்டுக் கொன்னாங்க. இப்ப கவனிங்க, காட்டிக் குடுத்ததுக்கு யாரும் ஆதாரம் கேக்கல, சந்தேகமே போதுமா இருந்துச்சு. உங்க கதைலயும் துரோகம் நெஜமா நடந்துச்சான்னு வாசகனுக்கு கடைசி வரைக்கும் உறுதியா தெரிய வேண்டாம்.

1993 மே 24ம் இதே மாதிரிதான், குவாதலஹாரா ஏர்போர்ட்ல கார்ல வந்த கத்தோலிக்க சர்ச்சோட கர்தினால் போசாதாஸ் ஒகாம்போவ சுட்டுக் கொன்னாங்க. ரெண்டு கும்பல் சண்டைல ஆள் மாறிப் போச்சுன்னு அரசாங்கம் சொல்லுச்சு, சர்ச்சுல பலர் அத ஏத்துக்கவே இல்ல. இப்படி ரெண்டு விளக்கம் இருக்கற சம்பவம் கெடச்சா ரெண்டையும் அப்படியே விடுங்க, டிடெக்டிவ் ஒருத்தன கொண்டுவந்து முடிச்ச அவுக்காதீங்க.

கேரக்டர தொழில்லருந்து புடிங்க. தலைவன விட்டுத் தள்ளுங்க, ஜெயில்லருந்து சுரங்கம் வழியா தப்பிக்கறதெல்லாம் எல்லாரும் பாத்தாச்சு. தெரு முனைல ரேடியோவோட நின்னு ராணுவ வண்டி வருதான்னு பாக்கற பையன், பணத்த எண்ணி கட்டு போடறவங்க, மாசாமாசம் மாமூல் குடுக்கற டாக்ஸி டிரைவர், இவங்கதான் கதைய இழுப்பாங்க. ஸேட்டாஸ் கும்பல் ஆன்டெனா எல்லாம் நட்டு சொந்தமா ரேடியோ நெட்வொர்க்கே கட்டுனாங்க, அத பொருத்திக் குடுக்க வந்த டெக்னீஷியன் ஒருத்தன ஹீரோவா வச்சுப் பாருங்க, வேல முடிஞ்சப்புறம் அவன வீட்டுக்கு அனுப்புவாங்களா மாட்டாங்களா, அதுவே முன்னூறு பக்கத்துக்கு தாங்கும்.

செத்தவங்கள எண்ணிக்கையா எழுதாதீங்க, ப்ளீஸ். மெக்சிகோல காணாம போனவங்கன்னு பதிவானவங்க மட்டும் 2022லயே ஒரு லட்சத்த தாண்டிட்டாங்க. சினலோவால அம்மாக்கள் குழுவா சேந்து மண்வெட்டியோட காட்டுல எறங்கி தேடறாங்க, நீளமான இரும்பு கம்பிய மண்ணுல அடிச்சு எறக்கி, உருவி, நுனிய மூக்குகிட்ட வச்சு மோந்து பாப்பாங்க. வாட வந்தா அங்க தோண்டுவாங்க. கும்பல் சண்டைனா இந்த அம்மாவுக்கு ஒரு சாப்டர் கண்டிப்பா வேணும், அதுவும் அடிஷனலா இல்ல, ரெண்டு தலைவனுங்க பேசற சாப்டர் அளவுக்கே எடம் குடுக்கணும், இதுல நான் சமரசமே பண்ண மாட்டேன்.

பத்திரிகைக்காரங்களயும் மறக்காதீங்க. 2010ல பார்டர் ஊரான ஹுவாரெஸ்ல எல் தியாரியோ பேப்பர் தன்னோட போட்டோகிராஃபர் கொல்லப்பட்டப்புறம், நாங்க என்ன போடணும் என்ன போடக்கூடாதுன்னு சொல்லுங்கன்னு கும்பல்களையே நேரடியா கேட்டு தலையங்கம் எழுதுச்சு. 2017ல குலியாகான்ல பத்திரிகைக்காரர் ஹாவியேர் வால்தெஸ நடுரோட்ல பட்டப்பகல்ல சுட்டுக் கொன்னாங்க. ஊர் எந்த அளவுக்கு வாய மூடிக்குச்சுன்னு காட்ட நியூஸ் பேப்பர்ல வராம போன செய்திய வச்சே ஒரு சீன் எழுதலாம்.

வசனத்துக்கு ஒண்ணு சொல்றேன், குலியாகான் ஆள் வாய்ல வடசென்னை பாஷைய போடாதீங்க, எடுபடாது. சாதாரண பேச்சுத் தமிழ், சின்ன வாக்கியம், மெரட்டறப்பகூட மரியாதையா பேசற ஆளுதான் அதிகமா பயமுறுத்துவான்.

முடிவுல தலைவன கொன்னு கதைய மூடாதீங்க. 2024 ஜூலைல சினலோவா கூட்டத்தோட இன்னொரு தலைவர் எல் மாயோ அமெரிக்கால மாட்டுனாரு, தன்னை கடத்திட்டுப் போனதே எல் சாப்போ மகன்தான்னு அவரே சொன்னாரு, செப்டம்பர்ல குலியாகான்ல அவரோட ஆளுங்களுக்கும் சாப்போ மகன்களுக்கும் சண்டை வெடிச்சு ஸ்கூல் கடையெல்லாம் மூடுற நெலமை வந்துச்சு. அதனால தலைவன் விழறத முக்கால்வாசிலயே வச்சுடுங்க, மிச்ச கால்வாசி அந்த காலி நாற்காலிக்கு யார் யார் வராங்கன்னு போகட்டும். ஸ்பானிஷ் பேரு எல்லாம் நீளமா இருக்கும், ஆளுக்கு ஒரு பட்டப்பேரு வச்சு மொத பக்கத்துல எந்த கும்பல்ல யாருன்னு சின்னதா ஒரு பட்டியல் போட்டுடுங்க, கட்சி மாறறவன் பேர மட்டும் மொதல்ல இருந்த கும்பல் பக்கமே விட்டு வைங்க.