தம்பி வீடு திரும்பும் முன் செய்த ஏற்பாடுகள்
முதுகுத்தண்டில் அடிபட்ட தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மறுவாழ்வுச் சிகிச்சை முடியும் நேரம், சக்கர நாற்காலியின் விலையைக் கேட்டு அம்மா கலங்கிப் போனார். கைகொடுத்தவர் மருத்துவச் சமூக சேவையாளர். சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவிச் சாதன நிதியில், தகுதியிருந்தால் சாதன விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. “ஒப்புதல் வரட்டும், அதுக்கு முன்னாடி எதையும் வாங்கிடாதீங்க” என்றார்.

அப்புறம் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக் கதவின் அகலத்தைக் கேட்டார். அளந்து, வாசல் மேட்டையும் படமெடுத்து அனுப்பினேன். செயல்முறைச் சிகிச்சையாளர் அதைப் பார்த்து, குறுகலான குளியல் நாற்காலியும் சிறு சாய்தளமும் பரிந்துரைத்தார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அதுவரை எல்லாரும் எங்களிடமே பேசினார்கள். சமூக சேவையாளரோ தம்பியிடம், “எந்த வேலைக்குத் திரும்ப நினைக்கிறீங்க?” என்று கேட்டார். வார்டில் இருக்கும்போதே மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்கக் கேளுங்கள். மதிப்பீடு, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும்.