பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி உங்களைக் காக்காது

ஆஸ்திரியாவில் 1979-ல் மட்டும் 677 பேருக்கு உண்ணிக்கடியால் மூளைக்காய்ச்சல் வந்தது. 1981-ல் நாடு முழுக்கத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. 2006-ல், ஊசி போட்டவர்கள் குறைவாக இருந்த பக்கத்து செக் குடியரசில் நோயாளிகள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஆஸ்திரியாவில் நூறைக்கூடத் தொடவில்லை.

இதைப் பார்த்துவிட்டு, "அதான் ஊரே போட்டுக்கொண்டதே, நான் எதற்கு?" என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. தட்டம்மை ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும். சுற்றியிருப்பவர்கள் ஊசி போட்டிருந்தால் நோய் உங்களிடம் வரும் வழி அடைபடும். உண்ணி வைரஸுக்கு மனிதரே தேவையில்லை. காட்டு எலிக்கும் உண்ணிக்கும் இடையே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வியன்னாவே ஊசி போட்டுக்கொண்டாலும் புல்வெளியில் காத்திருக்கும் உண்ணிக்கு ஒன்றும் ஆகாது. ஊசி போடாதவருக்கு ஆபத்து அன்றிருந்த அளவேதான்.

அடுத்தது கணக்குத் தவறு. "ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் ஊசி போட்டவர்களும் இருக்கிறார்களே!" இருக்கத்தான் செய்வார்கள். ஊசியே இல்லாவிட்டால் 100 பேருக்கு நோய் வரும் ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். அங்கே 80 சதவீதம் பேர் ஊசி போட்டிருக்கிறார்கள், அது 95 சதவீதம் காக்கிறது என்றால், போடாதவர்களில் 20 பேரும் போட்டவர்களில் 4 பேரும் படுப்பார்கள். நோயாளிகளில் ஆறில் ஒருவர் ஊசி போட்டவர்தான். ஆனால் அந்த 4 பேர், ஊசி இல்லையென்றால் 80 பேராக இருந்திருப்பார்கள். ஆஸ்திரியாவின் கள ஆய்வுகளில் கிடைத்த பலன் இதைவிட அதிகம், 96 முதல் 99 சதவீதம் வரை.

அந்தப் பலன் டோஸ்களை ஒழுங்காக முடித்தவர்களுக்கு. முதல் மூன்று டோஸ், மூன்று வருடத்தில் ஒரு பூஸ்டர், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒன்று. 60 வயது தாண்டினால் மூன்று வருடத்துக்கு ஒன்று. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மன் பேசும் ஊர்களில் இதற்கு "உண்ணி ஊசி" என்றே பெயர். பெயரை நம்பி ஏமாறக்கூடாது: அதே உண்ணி கொண்டுவரும் லைம் என்ற பாக்டீரியா நோயை இது தடுக்காது. கடித்த பிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டாலும் அந்தக் கடிக்கு உதவாது. உண்ணியைச் சீக்கிரம் பிடுங்கினால் லைம் வராமல் தப்பிக்கலாம். மூளைக்காய்ச்சல் வைரஸோ உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களில் உள்ளே போய்விடும்.