வி300 படிக்கக் கேட்கிறார்களா? சம்மதிக்கும் முன் சில வேலைகள்

இங்கிலாந்துக்கு வந்து ஓரிரு வருடம் ஓட்டிவிட்ட நம்மூர் நர்சுகளிடம் மேனேஜர்கள் இப்போது சாதாரணமாகக் கேட்கும் கேள்வி, "வி300 படிக்கிறீர்களா?" நர்சுகளுக்கு மருந்து எழுதும் தகுதி தரும் படிப்பு இது. முடித்தால் டாக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே மருந்து எழுதலாம். 2006 மே மாதத்திலிருந்து, தனக்குத் தெரிந்த எல்லைக்குள், பிஎன்எஃப் என்ற இங்குள்ள மருந்துக் கையேட்டில் உள்ள ஏறக்குறைய எந்த மருந்தையும் இந்தத் தகுதி பெற்ற நர்ஸ் எழுதலாம். 2012-இல் மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளில் பெரும்பாலானவையும் சேர்ந்துவிட்டன. விண்ணப்பிக்க, நர்சுகளைப் பதிவு செய்யும் என்எம்சி அமைப்பின் பதிவேட்டில் ஒரு வருடம் இருந்தால் போதும். முன்பு மூன்று வருடம் கேட்டார்கள்.

நான் நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். என்னிடம் யோசனை கேட்டு வரும் தங்கைகள் எல்லோரும் பயப்படுவது மருந்தியல் தேர்வுக்குத்தான். அதில் 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, படித்தால் வந்துவிடும். எனக்குக் கவலை வேறு. "டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன்" என்றே பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கம் வகுப்பில் உட்கார்ந்தால் போகாது, வார்டில்தான் போக்க வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நோயாளியைப் பார்த்ததும், டாக்டர் எழுதிய சார்ட்டைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்: என்ன நோய் என்று நினைக்கிறேன், ஏன், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், சரியாகாவிட்டால் அடுத்து என்ன. அப்புறம் சார்ட்டைப் பாருங்கள். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி மூச்சிரைப்பு அதிகமாகி வருகிறார் என்று வையுங்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 30 மில்லிகிராம், ஐந்து நாள் என்பதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். கூடவே ஆன்டிபயாடிக் வேண்டுமா? சளியின் நிறம் மாறியதா, அளவு கூடியதா என்று கேட்டீர்களா? கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், அவர் ஏற்கெனவே மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் சாப்பிடுகிறாரா? தியோஃபிலின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரா? ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையை எப்போது பார்ப்பது? டாக்டர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் வேறாக இருந்தால் காரணத்தை அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை.

இன்ஹேலரை உறிஞ்சத் தெரியாமல் மருந்தெல்லாம் நாக்கிலேயே தங்கிவிடும் ஆட்கள் நிறைய. அவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வைத்து முறையாக இழுக்கக் கற்றுக்கொடுத்தால் புதிய மருந்தே தேவைப்படாது. "இன்று எதுவும் எழுத வேண்டாம்" என்று முடிவெடுத்து, அதற்கான காரணத்தையும் குறிப்பில் எழுத உங்களுக்கு வருகிறதா? வந்தால் பாதி தயாராகிவிட்டீர்கள் என்பேன்.

படிப்பில் மருந்து அளவைக் கணக்கிடும் தேர்வும் உண்டு. அதில் 100-க்கு 100 வேண்டும், ஒன்று தப்பினாலும் தோல்வி. சதவீதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1 சதவீத லிடோகெய்ன் என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 1:1000 அட்ரினலின் என்றால் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு கணக்கு போட்டால் போதும்.

கல்லூரியைத் தேடுவதற்கு முன் உங்களை மேற்பார்வை செய்பவரைத் தேடுங்கள். இப்போது அவர் டாக்டராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அனுபவமுள்ள நர்ஸ் அல்லது பார்மசிஸ்ட் மருந்து எழுதுபவராக இருந்தால் அவரும் செய்யலாம். "சரி, பார்க்கலாம்" என்று இழுப்பவர் வேண்டாம். எந்த நாட்களில் உங்களுடன் உட்காருவார் என்று காலண்டரில் குறித்துத் தருபவரைப் பிடியுங்கள். மேனேஜரிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள்: படிப்பு நாட்களுக்கு டியூட்டி ரோட்டாவில் இடம் உண்டா, முடித்தபின் வேலை விவரத்தில் மருந்து எழுதுவது எழுத்தாகச் சேருமா? சேராவிட்டால் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் ஏறும், பாதுகாப்பு இருக்காது. "இப்போதைக்கு இருக்கட்டும், பார்க்கலாம்" மாதிரி பதில் வந்தால் அடுத்த வருடம் படித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் எல்லையைச் சின்னதாக வையுங்கள். ஆஸ்துமாவும் சிஓபிடியும் உங்களுடையது என்றால் அதில் அடிக்கடி வரும் மருந்துகளின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் டோஸ், சிறுநீரகம் கெட்டவருக்கு என்ன மாற்றம், கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா, எப்போது நிறுத்துவது என்று எழுதி வையுங்கள். பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து, "நீங்கள்தான் எழுதலாமே, என் நோயாளிக்கு ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொடுங்கள்" என்பார். நோயாளியை நீங்கள் பார்க்கவில்லை, உங்கள் பட்டியலிலும் அது இல்லை. முகம் சுளிக்காமல் மறுக்கும் வாக்கியத்தை இப்போதே யோசித்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஊரிலிருந்து சித்தப்பா கேட்பதற்கும் அதே வாக்கியம்தான். நெருங்கியவர்களுக்கு எழுதுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது என்எம்சி விதி. இந்தியாவில் இந்தத் தகுதியைக் காட்டி மருந்து எழுதவும் முடியாது. இங்கேயும்கூட, தேர்வு முடிவு வந்த அன்றே எழுதத் தொடங்காதீர்கள். என்எம்சி பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அந்தத் தகுதி ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டு, வேலை இடத்தின் பட்டியலிலும் பெயர் சேர்ந்தபிறகுதான் முதல் சீட்டு.