வேலை முடிந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கடைசியாகக் கை வைத்த இடத்தில் தேடுங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், ரிப்பேர் வேலை முடித்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே புதுப் பொருள் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் கழற்றியதில் ஏதோ ஒன்றைத் திரும்ப மாட்டாமலோ, அரைகுறையாக மாட்டியோ விட்டிருப்போம். எதையெல்லாம் கழற்றினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள், வழியில் இருக்கிறதே என்று சும்மா நகர்த்தி வைத்த வயரையும் சேர்த்து.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்கிறதா? எடுக்கவில்லை, அல்லது 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது என்றால் முதலில் பேட்டரி. வேலை நடந்த நாட்களில் கதவு திறந்தபடி கிடந்து உள்விளக்கு எரிந்தே சார்ஜ் இறங்கியிருக்கலாம். வோல்ட் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்க்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். பேட்டரி சரி என்றால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கி ஏற்றியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லையா? சாவியை ஆன் நிலையில் வையுங்கள், பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி முனகும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு கரண்ட் விடும் சுவிட்ச்), பம்ப் கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். அப்புறம் கிராங்க் சென்சார் (இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) கனெக்டர். அது 'க்ளிக்' என்று உட்காராமல் இருந்தால் பல வண்டிகளில் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் திறக்காது. கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 (கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறு) என்று வந்தால் சென்சாரை மாற்றுவதற்கு முன் அந்த வயரைத்தான் பார்க்க வேண்டும். பிளக் வயர்களைக் கழற்றியிருந்தால் வரிசை முக்கியம். நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் வரும் வரிசை 1-3-4-2, ஆனாலும் உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டைமிங் பெல்ட்டை (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் பெல்ட்) தொட்டிருந்தால் மட்டும், தயவுசெய்து, செல்ஃபை மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். பெல்ட் சில பற்கள் தள்ளி உட்கார்ந்திருந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், பெல்ட் வேலையாக இருந்தது ஹெட் வேலையாக, அதாவது இன்ஜினின் மேல்பகுதியைப் பிரிக்கும் பெரிய வேலையாக மாறிவிடும். பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பெல்ட் ஓடும் சக்கரங்களிலும் இன்ஜினிலும் உள்ள டைமிங் குறிகள் எல்லாம் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். நடுவில் எதிலாவது முட்டுகிற மாதிரி இருந்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் பெல்ட்டைத் திரும்பக் கழற்றுங்கள்.

டீசல் என்றால், ஃபில்டர் மாற்றிய பிறகு காற்று புகுந்திருக்கும். கைப்பம்ப் இருந்தால் இறுகும்வரை அழுத்துங்கள். காமன் ரயில் இன்ஜினில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் வைத்து இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் வகை) ஹை பிரஷர் குழாய்களை மட்டும் தளர்த்தவே வேண்டாம், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எந்த வண்டியானாலும் செல்ஃபை ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஓரிரு நிமிடம் ஆற விடுங்கள். பலமுறை அடித்து பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் வெளியே எங்கும் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகல் இல்லையென்றால் பிளக் நனைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நின்று, உள்ளே காற்று மட்டும் போய்ப் பிளக் காயும்.